பனியாற்றைத் தேடிப் போன தோணி

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்று ஒரு நகரம். அங்கே வண்டிச் சக்கரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1867-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு நாள், வாலிபர் ஒருவர் அங்கே இயந்திரத்தின் பெல்ட்டைச் சரி செய்துகொண்டிருந்தார். அவர் கையில் ஓர் அரம். அது சட்டென்று வழுக்கியது. அதன் கூரிய முனை அவருடைய வலது கண்ணில் பாய்ந்துவிட்டது!

வலது கண் பார்வை போயிற்று. கொஞ்ச நேரத்தில் இடது கண்ணும் மங்கியது. பிறகு அதுவும் இருண்டுவிட்டது.

அப்போது அவருக்கு வயது 28. பல வாரங்கள் இருட்டறையில் படுத்துக் கிடந்தார். மரத்தையும் மலையையும் பூவையும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த கண்கள் அவை. இனிமேல் எதையுமே பார்க்க முடியாதோ என்று கலங்கினார். பார்வை திரும்பினால், மனிதன் செய்த இயந்திரங்களை விட்டுவிடுவது, கடவுள் படைத்த உலகத்தைப் பார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழிப்பது என்று முடிவு செய்தார்.

பார்வை திரும்பியது. அவரும் சொன்னபடி செய்தார்.

அவர்தான் ஜான் மியூர். உலகத்தின் வடகோடியில் உள்ளது அலாஸ்கா. இன்று சிறு கப்பல்களில் ஏறி அங்கே போகிறவர்கள் பலர். பனிக்கட்டி ஆறுகளையும் திமிங்கலங்களையும் கண்டுவிட்டு வருகிறார்கள். அந்த ஆசையை மக்கள் மனதில் மூட்டியவர்களில் முதன்மையானவர் மியூர். ஆனால் அவர் போனது கப்பலில் அல்ல. ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணியில்! அந்தத் தோணியைச் செலுத்தியவர்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். அவர்கள் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

தொண்ணூறு அடிக் கிணறு

மியூர் பிறந்தது ஸ்காட்லாந்து நாட்டில், டன்பார் என்ற கடற்கரை ஊரில். பிறந்த தேதி 1838 ஏப்ரல் 21. தகப்பனார் கடை வைத்திருந்தார். மிகவும் கண்டிப்பானவர். பைபிளை மனப்பாடம் செய்யவேண்டும். தவறினால் அடி விழும்.

1849-ல் குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. விஸ்கான்சின் மாகாணத்தில் காட்டை வெட்டிப் பண்ணை அமைத்தார்கள். 11 வயதுச் சிறுவன் ஜான் விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்தான்.

பிறகு புதிய பண்ணை ஒன்று வாங்கினார்கள். அங்கே தண்ணீருக்காகக் கிணறு தோண்டினார்கள். அடியில் பாறை. உளியும் சுத்தியலும் கொண்டு கொத்துகிற வேலை ஜானுடையது. காலையில் வாளியில் உட்காரவைத்து அவனை இறக்குவார்கள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவான். மறுபடி இறங்கினால் இரவு வரை உள்ளேதான்.

கிணறு 80 அடி ஆழம் போயிருந்தது. ஒருநாள் அடியில் கரியமில வாயு தங்கியிருந்தது. ஜானுக்குத் தலை சுற்றியது. சாய்ந்துவிட்டான். மேலேயிருந்து தகப்பனார் போட்ட கூச்சல் காதில் விழுந்தது. எப்படியோ வாளிக்குள் ஏறிக்கொண்டான். குற்றுயிராக அவனை இழுத்து எடுத்தார்கள். சில நாள் சென்றதும் மறுபடியும் அதே கிணற்றில் இறங்கினான்! 90 அடியில் தண்ணீர் கண்டது.

இவ்வளவு வேலைக்கும் நடுவே விடியற்காலையில் எழுந்து படிப்பான். மரத்தால் விதவிதமான இயந்திரங்கள் செய்வான். அதில் ஒன்று அதிசயக் கட்டில். குறித்த நேரம் வந்ததும் கட்டில் தானாகச் சாய்ந்து, தூங்குகிறவனை எழுப்பி நிறுத்திவிடும்! அந்த இயந்திரங்களை 1860-ல் பொருட்காட்சிக்குக் கொண்டுபோனான். எல்லோரும் பாராட்டினார்கள். அதன் பிறகு கல்லூரியில் சேர இடம் கிடைத்தது. ஆனால் பட்டம் வாங்கும் வரை அவர் அங்கே தங்கவில்லை. வேலை தேடிப் போனார். போன இடத்தில்தான் கண்ணில் அரம் பாய்ந்தது.

ஆடு மேய்த்தவர் கண்ட உண்மை

பார்வை வந்ததும் மியூர் நடக்கத் தொடங்கினார். மெக்சிகோ வளைகுடா வரை ஆயிரம் மைல் நடந்தார்! 1868-ல் கலிபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே யோசமிட்டி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. இரண்டு பக்கமும் வானளாவிய பாறைச் சுவர்கள். அதன் அழகில் அவர் மயங்கிவிட்டார். பிழைப்புக்காக ஆடு மேய்த்தார், மரம் அறுத்தார். மற்ற நேரமெல்லாம் மலையிலேயே திரிந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கு எப்படி உண்டாயிற்று? பூமி திடீரென்று உள்வாங்கியதால் உண்டானது என்றார் அந்த மாகாணத்தின் பெரிய நிலநூல் நிபுணர் விட்னி. மியூர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பனியாறு அறுத்து உண்டாக்கிய பள்ளம் அது என்று எழுதினார். ஆடு மேய்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்று விட்னி ஏளனம் செய்தார்.

பனியாறு என்பது என்ன? உயரமான மலைகளில் ஆண்டு தோறும் பனி கொட்டுகிறது. கோடையிலும் அது முழுவதும் உருகுவதில்லை. பனிமேல் பனி விழுந்து, அழுந்தி அழுந்திக் கெட்டியான பனிக்கட்டி ஆகிறது. பிறகு தன் பாரத்தாலேயே மெள்ள மெள்ளக் கீழே நகர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேகம். ஆனால் அதன் அடியில் சிக்கிய பாறை மாவாகிவிடும். மலையையே அது செதுக்கிவிடும்.

1871-ல் அதே மலைத் தொடரில் உயிருள்ள ஒரு பனியாற்றை மியூர் கண்டுபிடித்தார். யோசமிட்டி பள்ளத்தாக்கைச் செதுக்கியதில் பனியாற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைப் பின்னால் வந்த விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கலிபோர்னியாவில் மீதி இருந்தவை சின்னஞ்சிறு பனியாறுகளே. பெரிய பனியாறு வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? அதற்கு வடக்கே போகவேண்டும்.

டோயாட்டின் தோணி

அலாஸ்காவை 1867-ல்தான் ருஷியாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கியிருந்தது. அதன் தென்பகுதிக் கடற்கரை விசித்திரமானது. மலைகளுக்கு நடுவே கடல் கைவிரல்களைப் போல நீண்டு நீண்டு உள்ளே புகுந்திருக்கும். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. நடுவில் ஆழமான கடல் நீர். இதை பியோர்டு என்கிறார்கள். இவையும் பனியாறு தோண்டிய பள்ளங்களே. பனி பின்வாங்கிய இடத்தில் கடல் புகுந்துகொண்டது.

1879-ல் மியூருக்கு 41 வயது. லூயி என்ற பெண்ணோடு அப்போதுதான் நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே மனிதர் அலாஸ்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்!

ராங்கல் என்ற சிறிய துறைமுகத்தில் ஹால் யங் என்ற வாலிபப் பாதிரியார் அவருக்கு நண்பரானார். வடக்கே உள்ள கிராமங்களுக்குப் போகவேண்டும் என்பது பாதிரியாரின் எண்ணம். பனியாறுகளைப் பார்க்கவேண்டும் என்பது மியூரின் எண்ணம். இருவருக்கும் ஒரே தோணி போதும் என்று முடிவாயிற்று.

அந்தத் தோணி டோயாட் என்ற முதியவருடையது. அவர் டிலிங்கிட் என்ற பூர்வகுடி இனத்தில் ஒரு தலைவர். கடலை நன்றாக அறிந்தவர். அவரே தோணியின் தலைவர். கடாச்சன், ஸ்டிக்கீன் ஜான், சிட்கா சார்லி என்ற மூன்று டிலிங்கிட் வாலிபர்கள் துடுப்புப் போட்டார்கள். ஜான் மொழிபெயர்ப்பாளரும் கூட.

அக்டோபர் 14-ந் தேதி தோணி புறப்பட்டது. குளிர்காலம் நெருங்கிவிட்டது. அந்தக் கடலில் தோணி விடுகிற காலம் அல்ல அது. இருந்தும் டோயாட் வந்தார். தோணி உடைந்தால் அவருக்குப் பிழைப்பே இல்லை. அது தெரிந்தும் வந்தார்.

விறகு ஏற்றிய தோணி

சிட்கா சார்லி சிறுவனாக இருந்தபோது கடல் நாய் வேட்டைக்கு ஒரு வளைகுடாவுக்குப் போயிருக்கிறான். பனிக்கட்டி நிறைந்த வளைகுடா. அங்கே மரமே கிடையாது, அடுப்பெரிக்கச் சுள்ளிகூடக் கிடைக்காது என்று அவன் சொன்னான். காடுகள் அடர்ந்த அலாஸ்காவில் மரம் இல்லாத இடமா? மியூருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வழியில் ஒரு தீவில் காய்ந்த விறகு வெட்டித் தோணியில் ஏற்றிக்கொண்டார்கள்.

வளைகுடாவுக்குள் போனதும் சார்லி விழித்தான். அவன் பார்த்த இடமாகவே அது இல்லை. கரையெல்லாம் மாறிப்போயிருந்தது!

மியூரிடம் ஒரு படம் இருந்தது. வான்கூவர் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவரின் ஆட்கள் 1794-ல் அளந்து போட்ட கடற்கரைப் படம். அதுவரை சரியாக வழிகாட்டிய அந்தப் படம் இங்கே உதவவில்லை. 1794-ல் இங்கே வளைகுடாவே இல்லை என்று சொல்லலாம். வாயிலை அடைத்துக்கொண்டு பனிச் சுவர் நின்றிருந்தது. 85 ஆண்டுகளில் அந்தப் பனி 40 மைலுக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அந்த இடத்தில்தான் இப்போது தோணி மிதந்துகொண்டிருந்தது. பனி விலகிப் பல காலம் ஆகாத மண்ணில் மரம் எப்படி இருக்கும்? சார்லி சொன்னது உண்மையாயிற்று. ஏற்றி வந்த விறகுதான் எல்லோரையும் காப்பாற்றியது.

கரையில் ஒரு குடிசையில் ஹூனா கூட்டத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வழிகாட்டியாகத் தோணியில் ஏறிக்கொண்டார்.

மந்திரவாதியோ?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று பாதிரியார் பயணம் செய்யமாட்டார். வெளியே மழையும் பனியும். மற்றவர்கள் கூடாரத்தில் முடங்கிக் கிடந்தார்கள். மியூர் மட்டும் தனியே மலை ஏறினார். மேகம் ஒரு கணம் விலகியது. கீழே ஐந்து பெரிய பனியாறுகள் கடலை நோக்கி இறங்கி வந்துகொண்டிருந்தன! மெய்ம்மறந்து நின்றார்.

அவர் திரும்பி வந்தபோது படகோட்டிகள் மனம் சோர்ந்திருந்தார்கள். இந்தக் குளிரில், இந்த மழையில், எதற்காக இந்த மனிதர் மலை ஏறுகிறார்? மந்திரவாதியாக இருப்பாரோ? இவரை நம்பிப் போனால் பனிக்கட்டி தோணியை நசுக்கிவிடுமோ? அவர்கள் பயந்தது வீண் பயம் அல்ல. அந்தக் கடல் பலரை விழுங்கியது அவர்களுக்குத் தெரியும்.

மியூர் அவர்களிடம் நெருப்பருகே உட்கார்ந்து பேசினார். பத்து ஆண்டுகளாக மலையிலும் புயலிலும் தனியே திரிந்திருப்பதையும், ஒரு துன்பமும் நேராததையும் சொன்னார். டோயாட் கேட்டுக்கொண்டிருந்தார். தோணி உடைந்தாலும் கவலை இல்லை என்று அந்தப் பெரியவர் சொல்லிவிட்டார். பரலோகத்துக்குப் போகிற வழியில் நல்ல துணைகள் இருப்பார்களே என்பது அவர் கருத்து. தலைவர் சொல்லிவிட்டார். வாலிபர்கள் துடுப்பை எடுத்தார்கள்.

மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே தோணி போயிற்று. எதிரே நீல நிறப் பனிச் சுவர். அதிலிருந்து கோபுரம் போன்ற துண்டுகள் பிளந்து கடலில் விழும். விழும்போது இடி இடித்தது போல முழக்கம். உடனே பெரிய அலை எழும்பும். தோணி ஆடும். பனிப்பாளங்களின்மேல் கடல் நாய்கள் படுத்திருக்கும் பகுதி அது. கொலைத் திமிங்கலம் எளிதில் நெருங்க முடியாத இடம் என்பதால் அவை அங்கே குட்டி போடுகின்றன. பனிக்கட்டிக்கு மனித உயிரைக் குடிக்கவும் தெரியும். குட்டியைக் காக்கவும் தெரியும்!

ஒரு பனியாற்றுக்குப் பிற்காலத்தில் மியூரின் பெயரையே வைத்தார்கள். படகோட்டிகள் அவரைப் பனித் தலைவர் என்று அழைத்தார்கள். 38 நாள் பயணத்துக்குப் பின் நவம்பர் 21-ந் தேதி தோணி பத்திரமாக ராங்கல் திரும்பியது.

கலிபோர்னியாவின் பூர்வகுடிகளைப் பற்றி மியூர் முன்பு இழிவாக எழுதியதுண்டு. அது அவருடைய குறை. டோயாட்டோடு ஒரே நெருப்பில் குளிர் காய்ந்த பிறகு, அலாஸ்கா மக்களைப் பற்றி மரியாதையோடு எழுதினார்.

டோயாட் இல்லை!

1880 ஏப்ரலில் மியூருக்கும் லூயிக்கும் கல்யாணம் நடந்தது. சில மாதங்களில் மறுபடியும் அலாஸ்கா! டோயாட்டின் தோணியில் ஏறலாம் என்று ஆவலோடு ராங்கலில் இறங்கினார்.

டோயாட் இல்லை. அந்த ஜனவரியில் ராங்கலில் இரண்டு கூட்டத்தாருக்குள் சாராயத்தால் சண்டை மூண்டது. நடுவே போய்ச் சமாதானம் செய்ய முயன்றார் டோயாட். குண்டு பாய்ந்து செத்துப்போனார். பனிக்கட்டி கொல்லாத மனிதரை மனிதர்கள் கொன்றுவிட்டார்கள்.

மியூர் வேறொரு தோணியில் கிளம்பினார். இந்தத் தடவை பாதிரியாரின் நாயும் கூட வந்தது. குட்டைக் கால், நீண்ட ரோமம், சின்ன உருவம். அதன் பெயர் ஸ்டிக்கீன். இந்த நாய் எதற்கு என்று மியூர் முதலில் ஆட்சேபித்தார். பாதிரியார் கேட்கவில்லை.

கூட வந்த ஜீவன்

ஒருநாள் விடியற்காலை, பெரும் புயல். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மியூர் ஒரு ரொட்டித் துண்டையும் பனிக்கோடாரியையும் எடுத்துக்கொண்டு பனியாற்றின்மேல் நடந்தார். நாய் பின்னாலேயே வந்தது. துரத்தினார், போகவில்லை.

நாள் முழுவதும் நடந்தார்கள். திரும்பும்போது இருட்டத் தொடங்கியது. வழியெல்லாம் பனி வெடிப்புகள். கடைசியில் ஒரு பெரிய வெடிப்பு குறுக்கிட்டது. அடி தெரியாத பள்ளம். அதைக் கடக்க இருந்தது ஒரே வழி. கத்தி முனைபோல மெல்லிய பனிப் பாலம். அதுவும் பள்ளத்தின் விளிம்பிலிருந்து பல அடி கீழே இருந்தது.

மியூர் கோடாரியால் படி வெட்டிக் கீழே இறங்கினார். பாலத்தின் இருபுறமும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். நாயின் கால் பதியட்டும் என்று பாலத்தின் மேல் முனையைச் செதுக்கிச் சமப்படுத்திக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். அக்கரை ஏறிவிட்டார்.

நாய் அங்கேயே நின்றது. பாலத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. ஓவென்று ஊளையிட்டு அழுதது! விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. மண்டியிட்டு, குழந்தையிடம் பேசுவதுபோலத் தைரியம் சொன்னார். நெடுநேரம் கழித்து நாய் காலடி வைத்தது. புயல் காற்றில் ஆடாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துக் கடந்தது. கரை ஏறியதும் அதற்கு வந்த மகிழ்ச்சி! சுற்றிச் சுற்றி ஓடிற்று, உருண்டது, குரைத்தது, அவர்மேல் பாய்ந்தது.

அன்று முதல் நாய் அவரை விட்டுப் பிரியவில்லை. மிருகங்களுக்கும் நம்மைப்போலவே பயமும் துயரமும் ஆனந்தமும் உண்டு என்பதை அது தமக்குக் கற்றுக் கொடுத்ததாக மியூர் நம்பினார். 1909-ல் நாயின் பெயரிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டார். ஆனால் அப்போது நாய் இல்லை. 1883-ல் ராங்கலுக்கு வந்த ஓர் உல்லாசப் பயணி அதைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். பிறகு தகவலே இல்லை.

கப்பல்கள் வந்தன

மியூர் எழுதிய கடிதங்கள் சான்பிரான்சிஸ்கோ பத்திரிகையில் வந்தன. ஜனங்கள் ஆவலோடு படித்தார்கள். 1883-ல் முதல் நீராவிக் கப்பல் உல்லாசப் பயணிகளோடு அந்த வளைகுடாவுக்குள் நுழைந்தது. பிறகு கோடை தோறும் கப்பல்கள் வந்தன.

1890-ல் மியூரும் மறுபடி வந்தார். விடாத இருமல் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. சறுக்கு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு பனியாற்றின்மேல் தனியாகப் போனார். பனியிலேயே தூங்கினார். இருமல் போயே போயிற்று!

காடுகளைக் காப்பதற்காக 1892-ல் சியரா சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். 1903-ல் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அவரோடு யோசமிட்டியில் மூன்று இரவுகள் வெட்டவெளியில் தங்கினார். அதே ஆண்டு தொடங்கிய உலகப் பயணத்தில் இந்தியாவுக்கும் வந்து இமயமலையைப் பார்த்தார்.

கடைசியில் ஒரு தோல்வி. யோசமிட்டிக்குப் பக்கத்தில் ஹெட்ச் ஹெட்சி என்ற அழகிய பள்ளத்தாக்கு. அதில் அணை கட்டக்கூடாது என்று பல ஆண்டுகள் போராடினார். 1913 டிசம்பரில் அணைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. அவர் மனம் உடைந்தார்.

மறு ஆண்டு, 1914 டிசம்பர் 24. லாஸ் ஏஞ்சல்ஸ் ஆஸ்பத்திரியில் நிமோனியா காய்ச்சலால் காலமானார். வயது 76. அலாஸ்காப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிவந்த புத்தகத்தின் கையெழுத்துத் தாள்கள் அவரோடு இருந்தன. டோயாட்டும் கடாச்சனும் சார்லியும் வருகிற பக்கங்கள் அதில் உண்டு. 1915-ல் புத்தகம் வெளிவந்தது.

இன்று அங்கே

அந்த வளைகுடா 1925-ல் அரசாங்கப் பாதுகாப்பில் வந்தது. 1980-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. சிறு கப்பலில் போகிறவர்கள் திமிங்கலம் துள்ளுவதையும், கரையில் கரடி உலாவுவதையும், பாறையில் மலையாடு நிற்பதையும் காணலாம். விறகுகூடக் கிடைக்காத கரைகளில் இப்போது மரங்கள் வளர்ந்துவிட்டன.

ஆனால் மியூர் பெயர் கொண்ட பனியாறு இப்போது கடலைத் தொடுவதில்லை. உருகி உருகி வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. உலகம் வெப்பமாகி வருவதால் அலாஸ்காவின் பனியாறுகள் பெரும்பாலும் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

பனி வளர்ந்து வந்து மூடுவதற்கு முன் அந்த இடம் ஹூனா மக்களின் ஊராக இருந்தது. 200 ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கு அங்கே வீடு இல்லை. 2016-ல் அந்த வளைகுடாக் கரையில், மரத்தில் சிற்பங்கள் செதுக்கிய பெரிய வீடு ஒன்று அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. தங்கள் முன்னோர் தோணிகளைப்போலவே ஒரே மரத்தில் குடைந்த தோணிகளில் அவர்கள் அங்கே வந்து இறங்கினார்கள்.

பனியாறு பின்வாங்கிவிட்டது. தோணிகள் திரும்பி வந்துவிட்டன.